சேற்றுக்குக் கொடுத்த தவணை

ரெங்கம்மாவுக்குக் கோபம் வந்தால் கீழ்க்கணக்கு லயத்து வரிசை வீடுகளின் நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிடும். கோபம் வராத நாளும் அவளுக்குக் கிடையாது. கொழுந்து மடுவத்தில் தராசு முள் கொஞ்சம் பிசகினால் கோபம். தண்ணீர்ப் பீலியில் முறை தவறினால் கோபம். மாரியம்மன் திருவிழாவில் பூசாரி சாமிக்கு முன்னால் தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு மாலை போட்டாரே, அன்றைக்கு வந்த கோபம் அடுத்த திருவிழா வரை இருந்தது. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று அவளைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்வார்கள். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவர்கள் அப்படிச் சொன்னதில்லை. அவள் கோபத்தில் குணம் இருந்தது, நியாயம் இருந்தது, சில நாள் வெறும் கோபம் மட்டுமே இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் அவள் செத்தபோது, அவளிடம் திட்டு வாங்காத ஒருவர்கூட அந்தப் பாடைக்குப் பின்னால் நடக்கவில்லை. நடந்தது கீழ்க்கணக்கு முழுவதும்.

இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அங்கே துரையாக இருந்தவர்களின் பேரன்மார் கோட்டுப் போட்டுக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். தோட்டத்தில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. ரெங்கம்மா மேல்கணக்கில் பிறந்து, கீழ்க்கணக்கு அழகருக்கு வாழ்க்கைப்பட்டு இறங்கி வந்தவள். அழகர் வாயில்லாப் பூச்சி. அவன் பேச வேண்டியதையும் சேர்த்து இவள் பேசினாள். ஒரே மகளைத் தெமோதரையில் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு காய்ச்சலில் அழகர் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து அவளுக்கு என்று இருந்தது இரண்டுதான்: தோட்டத்து வேலை, வேலை இருக்கும் வரைக்கும் அந்த ஒற்றையறைக் காம்பரா. வேலை போனால் காம்பராவும் போகும். தோட்டத்தின் சட்டம் அது.

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் ‘பேர்’ என்று பெயர். விடியப் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று, கணக்கப்பிள்ளை சொன்ன வேலையைச் சொன்ன அளவுக்கு முடித்தால் ஒரு பேர். கொஞ்சம் குறைந்தால் அரைப் பேர். மழை கொட்டி மலையை விட்டு இறங்கினாலும் அரைப் பேர்தான், மழையைப் பெய்யச் சொன்னது தொழிலாளி என்பதுபோல. இன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போ என்று சொல்லிவிட்டால் அந்த நாளுக்குப் பேரே இல்லை. மனிதன் வயிறு மட்டும் பேர் இருந்த நாள், இல்லாத நாள் என்று பார்க்காமல் தினமும் பசித்துத் தொலைக்கும்.

இரண்டு கணக்குக்கும் நடுவே ஒரு பெரும் பள்ளம். எட்ட நின்று பார்த்தால் பச்சைப் புல்வெளி. காலை வைத்தால் தொடை வரை இழுக்கும் கருஞ்சேறு. நடுவில் ஓர் ஓடை. லொறி மேல்கணக்கோடு நின்றுவிடும். கீழ்க்கணக்குப் பெண்கள் கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, பள்ளத்தைச் சுற்றி மலையேறி இறங்கி மடுவத்துக்குப் போக வேண்டும். சுற்றிப் போவதற்குள் கொழுந்து வாடி எடை குறையும். அந்தக் குறைச்சலும் பெண்கள் தலையில்தான் விடியும். நோயாளியைச் சாக்கில் தொட்டில் கட்டி அதே வழியாகத்தான் சுமந்தார்கள். அழகரைச் சுமந்து போனதும் அந்த வழிதான். மேலே லொறி நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது லொறிக்கு வேலை இருக்கவில்லை. அதனால், பள்ளத்துக்குக் குறுக்கே மண்மேடு போட்டு லொறிப் பாதை வரப்போகிறது என்று பெரட்டில் சொன்ன அன்று ரெங்கம்மா மறுபேச்சுப் பேசாமல் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குச் சுகமில்லையோ என்று பார்க்க நாத்தனார் இராக்கம்மா அடுத்த காம்பராவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அது அறுபத்தெட்டாம் ஆண்டு. மேடு போடுவதைக் கவனிக்கத் தோட்டக் கம்பெனி ஓர் ஓவசியரை அனுப்பியது. பெயர் ஷுக்ரி. பதுளைக் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருந்த லத்தீப் முதலாளியின் மகன். கொழும்பில் படித்து வந்த இளவட்டம். ஏழ்மையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாத பிள்ளைதான், ஆனால் அவன் கண் எப்போதும் தரையிலேயே இருந்தது. பள்ளத்தில் நீளக் கம்பியை இறக்கி இறக்கிப் பார்த்தான். கம்பி வெண்ணெய்க்குள் போவதுபோல் போய்க்கொண்டே இருந்தது.

முதலில் இரண்டு பக்கமும் கான் வெட்டி மேல்தண்ணீரை வடித்தார்கள். பிறகு கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கட்டுக்கட்டாகச் சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரி பரப்பச் சொன்னான். அந்த மிலாறுதான் லயத்துப் பெண்களுக்கு அடுப்பு விறகு. ஒரு வருஷத்து விறகைச் சேற்றுக்குள் தாரை வார்க்கிறார்களே என்று ரெங்கம்மா வாய்விட்டே சபித்தாள். சபித்துக்கொண்டே கட்டுகளைச் சுமந்தும் போட்டாள், பாதை வர வேண்டும் என்கிற ஆசை வாயைவிடப் பெரிதாக இருந்தது. அதன் மேல் மலையை வெட்டி எடுத்த மண். ஆண்கள் வெட்ட, பெண்கள் கூடையில் சுமந்து கொட்டினார்கள். ஒரு பேருக்கு இத்தனை கூடை என்று கணக்கப்பிள்ளை தம்பையா அளவு வைத்தார்.

மேடு இடுப்பளவு உயர்ந்ததும் ஷுக்ரி வேலையை நிறுத்தச் சொன்னான்.

“இனி ரெண்டு மாசத்துக்கு ஒரு கூட மண்ணும் போடக்கூடாது,” என்றான்.

ஏன் என்று கேட்டவள் ரெங்கம்மாதான். அவன் தன் வீட்டுப் பேச்சுத் தமிழில் சலிக்காமல் சொன்னான். “சேத்துக்குள்ள தண்ணி ஈக்கிது. மேல மண்ணு பாரம் அழுத்துற நேரம் அந்தத் தண்ணி மெல்ல மெல்ல வெளிய போவணும். போனாத்தான் சேறு இறுகும். நீங்க தயிரத் துணியில கட்டித் தொங்க விடுறதில்லையா? விட்டுவெச்சா தண்ணி சொட்டிக் கட்டியாகும். அவசரப்பட்டுக் கையால நசுக்கினா தயிரே பிதுங்கி வந்துரும். அவ்ளதான் விசயம்.”

எல்லோருக்கும் விளங்கிற்று. ஷுக்ரி மேட்டின் நடுவில் வர்ணம் பூசிய கம்பிகளை நட்டு, அவை எவ்வளவு இறங்குகின்றன என்று வந்து வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் பதுளைக்குப் போய்விட்டான். சேறு மூச்சுவிட இரண்டு மாதம் தவணை கொடுத்தவன், சேற்றில் நின்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய துரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அந்தப் பங்களாவில் யாருக்கும் தோன்றியிருக்காது.

அப்போது கச்சான் காற்று அடிக்கிற காலம். தேயிலை காய்ந்து கருகி, மலையில் கொழுந்து இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் பறிப்பு, அதுவும் மேல்கணக்குக்கே பற்றவில்லை. மண் வேலையை நம்பித்தான் கீழ்க்கணக்கில் உலை வைத்தார்கள். அதை நிறுத்தியதும் பெரட்டுக்குப் போவது, திரும்பி வருவது என்று ஆயிற்று. ரொட்டி தட்டிய வீட்டில் கஞ்சியும், கஞ்சி குடித்த வீட்டில் வெறும் தேயிலைச் சாயத்தண்ணியும் என்று சாப்பாடு இறங்கியது.

ஒரு நாள் பெரட்டில் பெரிய துரை வந்து நின்றபோது ரெங்கம்மா வரிசையை விட்டு முன்னால் போனாள்.

“தொர, ஒண்ணு வேல குடுங்க, இல்லாட்டி பேரு குடுங்க. மண்ணு போடாதேன்னு சொன்னது நாங்க இல்ல. எங்க கையி காலு நல்லாத்தான் இருக்கு.”

துரை அவளைப் பார்த்த பார்வையை அவள் சாகும் வரை சொல்லிக் காட்டுவாள். வழியில் கிடந்த கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தாராம்.

“சும்மா நிக்கிறதுக்குப் பேர் கிடையாது,” என்றார். “வேலை செஞ்சா பேர்.”

துரை போனபின் கணக்கப்பிள்ளை தம்பையா மெதுவாக அவள் பக்கம் வந்தார். பெரட்டில் ஆள் குறைந்தால் அவர் நாற்காலிக்கும் ஆட்டம். தம்பையா கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. மேலே குனிந்து கும்பிட்டுக்கொண்டு கீழே குட்டிக்கொண்டு வாழ்ந்த மனிதர், அவ்வளவுதான்.

“ஏ ரெங்கம்மா, நாளைக்கு உன் செட்டு ஆளுகளக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போ. ஓரத்துல கரை தேஞ்சு கெடக்கு. அதச் சரி பண்ணுற மாதிரி மண்ணு போடுங்க. யாராச்சும் கேட்டா பழுது பாக்குறோம்னு சொல்லு. பேரு நான் போடுறேன்.”

“ஓவசியரு போடக்கூடாதுன்னாரேங்கய்யா.”

“அவருக்கு மாசச் சம்பளம் வருது. உனக்கு?”

மறுநாள் போனார்கள். ஓரத்தில் போட்டார்கள். ஓரம் நிறைந்ததும் மேலே போட்டார்கள். ஒரு பேருக்கு இத்தனை கூடை என்ற அளவை மட்டும் தம்பையா குறைக்கவில்லை. பழுது பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டே மேடு ஆள் உயரத்தைத் தாண்டியது. நட்டிருந்த கம்பிகள் மண்ணுக்குள் மறைந்தன, வந்து வந்து பார்ப்பதாகச் சொன்ன ஓவசியர் அதுவரை வரவில்லை. தப்பு என்று தெரிந்துதான் செய்தார்கள். தயிர் பிதுங்கும் என்பது தெரியாமல் இல்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் அல்ல அவர்கள். ஆழம் தெரிந்தும் வேறு இடமில்லாமல் காலை விட்டவர்கள்.

ஆவணிக் கடைசியில், நல்ல வெயில் நேரத்தில், அது நடந்தது. மழை இல்லை. பழி போட வானமும் கிடைக்கவில்லை. ரெங்கம்மா கூடையைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். காலடியில், தலை வகிடு எடுத்ததுபோல் நீளமாக ஒரு வெடிப்பு. “ஓடுங்கடி!” என்று கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் மேட்டின் பாதி உட்கார்ந்துவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. மண் கீழே போகப் போக, ஓடைப் பக்கத்துப் புல்வெளி அப்படியே பொங்கி மேலே எழுந்தது. ரெங்கம்மா இடுப்பு வரை புதைந்தாள். இராக்கம்மா தலையில் போட்டிருந்த கொங்காணித் துணியை அவிழ்த்து வீச, நான்கு பெண்களாகப் பிடித்து அவளை இழுத்தெடுத்தார்கள்.

உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பொங்கிய சேறு ஓடையை அடைத்துவிட்டது. தண்ணீர் தேங்கி, பொழுது சாய்வதற்குள் கீழ்க்கணக்குக் கடைசி லயத்து அடுப்புகளில் ஏறி நின்றது. ரெங்கம்மாவின் அடுப்பும் அதில் ஒன்று.

கொழும்பிலிருந்து கம்பெனி, யாரால் நடந்தது என்று கேட்டது. யாரால் என்று கேட்டால் யாரையாவது காட்ட வேண்டுமே! பெரிய துரை தன்னைக் காட்டுவாரா? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஆபீஸ் முன்னால் விசாரணை வைத்தார்கள். துரை நாற்காலியில், தம்பையா பக்கத்தில் நின்றபடி, ஓவசியர் ஷுக்ரி ஒரு ஓரத்தில், தொழிற்சங்கத் தலைவர் வீரசிங்கம் இன்னொரு ஓரத்தில். செட்டுப் பெண்கள் முற்றத்தில்.

“நான் கரையப் பழுது பாக்கத்தாங்க சொன்னேன்,” என்றார் தம்பையா. “இவதான் ஆளுகளத் தூண்டிவிட்டு மேல கொட்டுனா. அன்னைக்குப் பெரட்டுல தொரகிட்டயே சத்தம் போட்டவ.”

ரெங்கம்மா திரும்பித் தன் செட்டைப் பார்த்தாள். ஒருத்தி சேலைத் தலைப்பைப் பார்த்தாள். ஒருத்தி ஆகாயத்தைப் பார்த்தாள். கொங்காணியை வீசி உயிரைக் காப்பாற்றிய இராக்கம்மாவும் தரையைத்தான் பார்த்தாள். வாயைத் திறந்தால் வேலை நீக்கும் சீட்டு அடுத்துத் தனக்கு வரும் என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. மன்னிக்கத்தான் மனம் வரவில்லை.

ஷுக்ரியைக் கேட்டார்கள். அவன் உண்மையைச் சொன்னான். தவணை முடியுமுன் மண் போட்டதால்தான் மேடு சரிந்தது என்றான். யார் போடச் சொன்னது என்று அவனுக்குத் தெரியாது. அதை அவன் விசாரிக்கவும் இல்லை. அரை உண்மை முழுப் பொய்யைவிட வேகமாக வேலை செய்யும்.

அன்று மாலையே அவளுக்குப் பத்துச்சீட்டு கிடைத்தது. பத்துச்சீட்டு கிடைத்தால் அத்தோடு தோட்டத்துக்கும் அவளுக்கும் ஒன்றுமில்லை. வீரசிங்கம் அவளை ஒதுக்கமாக அழைத்து, “பொறுத்துக்க ரெங்கம்மா. சங்கம் பேசும். பொறுத்தார் பூமி ஆள்வார்,” என்றார்.

“எங்க பாட்டன் காலத்துலேருந்து பொறுத்துக்கிட்டுத்தானே தலைவரே இருக்கோம்? எந்தப் பூமிய ஆண்டோம்? இந்தா, காலுல ஒட்டியிருக்கே, இந்தச் சேறுதான் எங்க பூமி!”

காம்பராவைக் காலி செய்து தெமோதரைக்கு மகள் வீட்டுக்குப் போனாள். மருமகன் நல்லவன்தான். நல்லவன் வீட்டிலும் தண்டச்சோறு தண்டச்சோறுதான். தட்டில் சோறு விழும்போதெல்லாம் அவளுக்குத் தம்பையா முகம் தெரிந்தது, இராக்கம்மா தரையைப் பார்த்தது தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு மகளோடு சண்டை போட்டாள். சண்டை போட வேறு ஆள் அங்கே இல்லை.

அடுத்த ஆண்டு வைகாசியில் ஷுக்ரி அவளைத் தேடிக்கொண்டு வந்தான். லயத்தின் முன்தாழ்வாரமான இஸ்தோப்பில் அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“மறுபடியும் மேடு போடப் போறாங்க,” என்றான். “கம்பெனி தொரைக்கி எழுதியீக்கிது. இன்னொருக்கா சரிஞ்சா தொர ஊட்டுக்குப் போக வேண்டியதுதான். தவண முடியும் மட்டும் ஆரும் மண்ணு போடாமப் பாத்துக்க ஒரு காவல் வேணும்னு நான் கேட்டேன். ஆர வேணும்னாலும் வெச்சுக்கோன்னுட்டார். நீங்க வரணும்.”

“ஏன், என் மேல இன்னொரு பழி போடணுமா?”

“ஒங்கட வாய்க்குத்தான் அந்தத் தோட்டமே பயம்.” அவன் சிரிக்காமல் சொன்னான்.

ரெங்கம்மா சுளகைக் கீழே வைத்தாள். அத்தனை மாதக் கோபமும் வெளியே வந்தது.

“சேறு எப்பிடித் தண்ணி விடும், எப்பிடி இறுகும்னு அம்புட்டும் படிச்சீங்களே தம்பி, அந்த ரெண்டு மாசமும் நாங்க என்னத்தத் திம்போம்னு ஒருத்தர்கிட்டயாச்சும் கேட்டீங்களா? அந்தக் கணக்கப்பிள்ளதான் கொட்டச் சொன்னாரு. பசிச்சது, கொட்டுனோம். விசாரணையில ‘மண்ணு போட்டாங்க’ன்னு சொன்னீங்க. ‘ஏன் போட்டாங்க’ன்னு கேக்க ஒங்களுக்கு வாய் வரலயா?”

ஊர்க்காரர்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் தலையைக் குனிந்தபடி நின்று, அவள் ஓயும் வரை கேட்டுவிட்டு, “கேக்கல. அது என்ட பிழதான்,” என்றான். “இப்ப வாறீங்களா, இல்லையா?”

அவள் வந்தாள். அவனை மன்னித்து வரவில்லை. வேலையும் காம்பராவும் வேண்டும் என்று வந்தாள். பழைய காம்பராவைக் கூட்டிப் பெருக்கி அடுப்பு மூட்டியபோது, இராக்கம்மா ஒரு சிரட்டையில் நெருப்பு எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். “மதினி…” என்றாள். ரெங்கம்மா அந்த நெருப்பை வாங்கவில்லை. தீப்பெட்டி உரசித் தானே மூட்டிக்கொண்டாள்.

மேடு மறுபடி எழுந்தது. இடுப்பளவு வந்ததும் ஷுக்ரி நிறுத்தினான். புதிதாகக் கம்பிகள் நட்டான். ரெங்கம்மாவுக்கு ஒரு குடையும் ஒரு கம்பும் கொடுத்தார்கள். யாரும் வேலை செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்கு வேலை. அதற்கு அவளுக்கு முழுப் பேர். தோட்டம் தோன்றிய நாளிலிருந்து அப்படி ஒரு வேலையை யாரும் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு மட்டும் பழைய சட்டம்தான்: மண் இல்லை என்றால் பேர் இல்லை.

மீண்டும் கச்சான். மீண்டும் மலை காய்ந்தது. சில வாரம் போனதும் ஒரு காலையில் செட்டுப் பெண்கள் கூடைகளோடு மேட்டுக்கு வந்தார்கள். முன்னால் இராக்கம்மா.

“மதினி, ஓரத்துல ரெண்டு ரெண்டு கூட மட்டும். கணக்கப்பிள்ள பேரு போடுறேங்கிறாரு. நீ பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்க.”

ரெங்கம்மாவுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. “திரும்பிக்கவா? அன்னைக்கு ஆபீஸ் முன்னால நீங்க எல்லாம் திரும்பிக்கிட்டீங்களே, அதே மாதிரியா? உங்க வாயில மண்ணையா அடைச்சு வச்சிருந்தாங்க? நான் எங்க போனேன், தின்னேனா பட்டினி கெடந்தேனா, ஒருத்தி வந்து பாத்தீங்களாடி?”

இராக்கம்மா அழ ஆரம்பித்தாள். “எம் புள்ளைக நேத்து ராத்திரி சாயத்தண்ணி குடிச்சுட்டுப் படுத்துச்சு மதினி. நீ அடிச்சாலும் சரி,” என்றாள்.

ரெங்கம்மா கம்பை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவளுக்கு அவர்கள் மேல் இருந்த கோபம் ஆறவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது போன வருஷம் அவளே பெரட்டில் கேட்டதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. கம்பால் இவர்களை விரட்டலாம். நாளைக்குப் பசி வேறு யாரையாவது அனுப்பும். மேடு மறுபடி சரியும், மறுபடி யாருக்காவது சீட்டு வரும். இவர்களோடு சேர்ந்தால் இன்றைக்கே அவளுக்கு வரும். மகள் வீட்டுத் தட்டு கண் முன்னால் வந்தது.

“கூடயக் கவுத்துப் போடுங்கடி,” என்றாள்.

“எதுக்கு?”

“கவுத்துப் போட்டு அதுக்கு மேல உக்காருங்க. ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாது. ஒரு பிடி மண்ணும் விழக் கூடாது. இன்னைக்குப் பேரு வாங்காம நாம இங்கேருந்து எறங்கப் போறதில்ல.”

மேட்டின் அடியில், சேறு இல்லாத கரையில், கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். தம்பையா வந்து கத்தினார். பயமுறுத்தினார். பிறகு பெரிய துரையிடம் ஓடினார். உச்சி வெயிலில் துரையின் ஜீப் வந்தது. அன்று கம்பி பார்க்க வந்திருந்த ஷுக்ரியும் கூடவே இறங்கினான்.

“என்ன இது, ஸ்ட்ரைக்கா?” என்றார் துரை.

ரெங்கம்மா எழுந்து நின்றாள். “இல்லீங்க தொர. வேல நடக்குதுங்க.”

“எங்கே வேலை? எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கீங்க.”

“மண்ணு எறங்கிக்கிட்டிருக்கு. நாங்க காத்துக்கிட்டிருக்கோம். காத்திருந்தாத்தான் மேடு நிக்கும்னு ஓவசியரு சொல்றாரு. அப்ப காத்திருக்கிறதும் இந்த மேட்டு வேலதானுங்களே?”

“எல்லாரும் வீட்டுக்குப் போ. உனக்கு மட்டும் பேர் இருக்கு. மற்றவங்களுக்குக் கிடையாது. பேசினா உனக்கும் கிடையாது. போன வருஷத்தை மறந்துட்டியா?”

“மறக்கலீங்க!” அவள் குரல் பள்ளத்தின் அந்தக் கரை வரை கேட்டது. “மறந்திருந்தா இந்நேரம் இவளுக மண்ணு கொட்டியிருப்பாளுக, நானும் அந்தப் பக்கம் திரும்பியிருப்பேன். ஆளுகள நான் தடுப்பேன் தொர. பசிய என்னால காவல் காக்க முடியாது. நாளைக்கு எவளாச்சும் ஒருத்தி கொட்டத்தான் செய்வா. மேடு சரியும். எனக்குச் சீட்டு குடுப்பீங்க, சரி. இந்தத் தடவ ஒங்களுக்கு யாரு குடுப்பா?”

அன்றைக்கு ஆபீஸ் முற்றத்தில் தரையைப் பார்த்த பெண்கள் இப்போது துரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இராக்கம்மா எழுந்து வந்து மதினிக்குப் பக்கத்தில் நின்றாள். “போன வருசமும் கணக்கப்பிள்ளதாங்க கொட்டச் சொன்னாரு. நானும் நின்னு கேட்டேன்,” என்றாள். அது எல்லோருக்கும் கேட்டது.

ரெங்கம்மா அவளைத் திரும்பி முறைத்தாள். “இப்ப வந்துச்சா வாயி?” என்றாள். என்றாலும் நகர்ந்து, அவள் நிற்க இடம் விட்டாள்.

துரையின் முகம் சிவந்தது. தம்பையா ஏதோ சொல்ல வந்தார். துரை கையைக் காட்டி அடக்கிவிட்டு ஷுக்ரியைப் பார்த்தார். இந்த முறை அவன் தரையைப் பார்க்கவில்லை.

“அவங்க செல்றது சரி சார். மண்ணு போடுறது எப்பிடி வேலையோ, போடாம ஈக்கிறதும் அப்பிடித்தான். நான் கம்பெனிக்கும் அத எழுதத்தான் போறேன்.”

துரை மேட்டை ஒருமுறை பார்த்தார். கம்பெனிக் கடிதம் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். நியாயம் ஓடியிருக்கும் என்று நம்ப எனக்குப் பைத்தியமா?

“சரி,” என்றார் கடைசியில். “அரைப் பேர் போடு.”

“சேறு அர வாசி இறுகினா ஒங்க லொறி போயிருமா தொர?” என்று கேட்டாள் ரெங்கம்மா.

துரை ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். யாரையும் பார்க்காமல், “முழுப் பேர். தவணை முடியும் வரைக்கும்,” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பெண்கள் எழுந்திருக்கவில்லை. பொழுது இன்னும் இருந்தது, வேலை முடியவில்லை. தம்பையா பேர் பதியும் செக்ரோலைப் பிரித்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். பேனாவைத் திறந்தார். ஒவ்வொரு பேருக்கும் எதிரே இன்ன வேலை என்று எழுதுவது தோட்டத்து வழக்கம். கொழுந்து, கவ்வாத்து, கான், மண் என்று எழுதி எழுதிப் பழகிய கை எழுதத் தெரியாமல் நின்றது.

“என்ன வேலன்னு எழுதுறது?” என்று எரிச்சலோடு கேட்டார்.

“எழுதுங்கய்யா,” என்றாள் ரெங்கம்மா. “அந்தச் சேறு இன்னைக்கு என்ன வேல செஞ்சுச்சோ, அதே வேலதான் நாங்களும் செஞ்சோம்னு எழுதுங்க.”